இன்ஜின் உடைந்த காரில் காரணம் தேடுவது எப்படி?

இன்ஜின் உடைந்து நின்ற வண்டியைப் பார்த்ததும் எல்லோருக்கும் முதலில் வருகிற ஆசை, இன்னொரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமா என்பதுதான். பண்ணாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். உடைந்த துண்டு உள்ளே எங்கே கிடக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஸ்டார்ட்டர் ஒரு சுற்று சுற்றினால் போதும், அதுவரை தப்பித்திருந்த சிலிண்டர் ஹெட்டும் போய்விடும். எது முதலில் உடைந்தது என்று காட்டும் தடயமும் அதோடு சேர்ந்து அரைபட்டுப் போகும்.

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஓர் இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். எண்ணூர் லேலண்டிலும் திருவொற்றியூர் என்ஃபீல்டிலும் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர்களிடம் தொழில் கற்றவன். துறைமுகத்துக்கு ஓடும் டிரெய்லர், குட்டியானை, ஷேர் ஆட்டோ என்று பார்த்துக்கொண்டிருந்த பட்டறைக்கு இப்போது ரீமேப் செய்த, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியுவில் உள்ள மேப் என்ற புரோக்ராமை மாற்றிய, டர்போ பெட்ரோல் கார்கள் வருகின்றன. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கும், தன் காரைத் தானே மாற்றி அமைக்கும் இளைஞர்களுக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

உடைந்த இன்ஜினைப் பிரித்தால் பத்துச் சாமான் போயிருக்கும். ஒன்று போனதால்தான் மற்ற ஒன்பதும் போயிருக்கும். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்காமல் புது பிஸ்டனும், அதைக் கீழே சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் ராடும் போட்டுக் கட்டினால், அதே காரணம் புது இன்ஜினையும் தின்றுவிடும். உடைந்த சிலிண்டரில் எல்லாம் தூளாகியிருப்பதால் அங்கே பெரும்பாலும் விடை கிடைக்காது. தப்பித்த சிலிண்டர்களைப் பாருங்கள். உடைவதற்கு முந்தைய நிமிடம் வரை இன்ஜின் எப்படி இருந்தது என்பது அவற்றில்தான் அப்படியே இருக்கும்.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது ஒரு பெரம்பூர்ப் பையனின் கார். மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல். ஸ்டேஜ் 1 ரீமேப் செய்து, ஓப்பன் ஏர் ஃபில்டர் போட்டு, குளிர்ந்த காற்று வரட்டும் என்று அதன் குழாயை முன்பம்பருக்குக் கீழே இறக்கியிருந்தான். ஜனவரி மாத விடிகாலையில் மீஞ்சூர் – வண்டலூர் வெளிவட்டச் சாலையில் மூன்றாவது சிலிண்டரின் ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. பட்டறையில் இறக்கியதுமே, "அந்த மேப் போட்டவனாலதான் ணா. அவன சும்மா உடமாட்டேன்" என்றான். "இருப்பா தம்பி, இன்னும் சம்ப்பே கழட்டல" என்றேன். (சம்ப் என்பது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி.) அவன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வண்டி நின்ற இடத்தில்

சாவியை அணைத்து நியூட்ரலில் போடுங்கள். ஆயில் சாலையில் கொட்டியிருந்தால் மண்ணையோ மரத்தூளையோ அள்ளிப் போடுங்கள். பின்னால் வரும் பைக்காரர் விழுந்தால் இன்ஜினைவிடப் பெரிய நஷ்டம். வண்டியைக் கயிறு கட்டி இழுக்காமல், மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட்டைக் கூப்பிடுங்கள்.

அது வருவதற்குள் ஓட்டியவர் தன் போனில் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். மறுநாள் கேட்டால் ஞாபகம் மாறியிருக்கும், கோபமும் கலந்திருக்கும். முதலில் வந்தது சத்தமா, புகையா, இழுவை குறைந்ததா, விளக்கு எரிந்ததா? எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், ஆக்சிலரேட்டரை மிதித்திருந்ததா விட்டிருந்ததா? கடைசியாகப் பெட்ரோல் எங்கே போட்டது, எந்த ரகம்? கடைசியாக வண்டியில் கை வைத்தது யார், எதில்? கடைசி மழையில் வண்டி எங்கே போனது?

சத்தத்தை வர்ணிக்கச் சொல்லுங்கள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல வந்திருந்தால் நாக்கிங், அதாவது உள்ளே பெட்ரோல் சீராக எரியாமல் வெடிப்பது; டெட்டனேஷன் என்பதும் இதுதான். அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று ஆர்பிஎம்மோடு கூடிக் குறைந்திருந்தால் ராடின் பெரிய முனையில் இருக்கும் பிக் எண்ட் பேரிங். மேலே மெலிதாக டிக் டிக் என்று வந்திருந்தால் வால்வு பக்கம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே அடி என்றால் ராடோ, வால்வோ, டைமிங் செயினோ. இதில் எதுவும் தீர்ப்பு கிடையாது. எங்கே தேடலாம் என்பதற்கு ஒரு திசை, அவ்வளவுதான்.

பேட்டரியைக் கழற்றும் முன்

பிரேக்டவுன் வண்டி வந்ததும் பல பட்டறைகளில் பேட்டரி டெர்மினலைத்தான் முதலில் கழற்றுவார்கள். பொறுங்கள். இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ஸ்டார்ட் பண்ணாமல், இசியுவைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி எல்லாப் பழுது கோடுகளையும் படம் எடுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர் (சரியாக எரியவில்லை), பி0302 இரண்டாவது, பி0303 மூன்றாவது. பி0524 ஆயில் பிரஷர் குறைவு. கோடோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவும் இருக்கும். பழுது பதிவான அந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு எவ்வளவு என்று அதில் தெரியும். கோடை அழித்தால் இதுவும் அழியும். அதனால் கிளியர் பட்டனைத் தொடவே கூடாது.

ட்யூன் செய்தவர்கள் பலர் டேட்டா லாக், அதாவது ஓடும்போது எடுத்த அளவுகளின் பதிவு, வைத்திருப்பார்கள். அதில் நான் முதலில் பார்ப்பது லாம்ப்டா. காற்றும் பெட்ரோலும் சரிசமமாக எரிந்து தீரும் கலவை என்றால் அது 1, பெட்ரோல் கூடினால் 1-க்குக் கீழே இறங்கும். டர்போ முழு வேகத்தில் தள்ளும்போது அது 0.80-க்கும் 0.85-க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. 0.90-ஐத் தாண்டி 1 பக்கம் போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை. காற்று–பெட்ரோல் விகிதத்தை 14.7 என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு அந்த எண் ஏறக்குறைய 13.5. அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். பழைய பெட்ரோலை நம்பி இன்ஜெக்டரையும் பம்பையும் கடைசி எல்லை வரை இழுத்து வைத்த மேப்பில் இங்கேதான் இடிக்கும். இன்ஜெக்டர்களுக்குப் போகும் பெட்ரோல் அழுத்தமான ரெயில் பிரஷரில் கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்ற இரண்டு கோடுகளையும் சேர்த்துப் பாருங்கள். மேல் ஆர்பிஎம்மில் கிடைத்தது கீழே விழுந்திருந்தால் பம்ப் தோற்றிருக்கிறது.

அடுத்து, நாக் ரிடார்ட். நாக்கிங்கைத் தடுக்க ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிளக் பொறி விடும் டைமிங்கை இசியு எத்தனை டிகிரி பின்னே இழுத்தது என்று பாருங்கள். ஒரே சிலிண்டரில் மட்டும் திரும்பத் திரும்ப இழுத்திருந்தால் அந்த இன்ஜெக்டரையோ பிளக்கையோ சந்தேகப்படலாம். எல்லாவற்றிலும் இழுத்திருந்தால் பெட்ரோல் ரகம், உள்ளே போகும் காற்றின் சூடு, மேப் ஆகிய மூன்றில் ஒன்று. 95 ஆக்டேனுக்கோ 100-க்கோ எழுதிய மேப்பில் அதற்குக் குறைந்த பெட்ரோல் போட்டு ஓட்டினால் இப்படித்தான் வரும்.

பெரம்பூர் காரில் லாம்ப்டா 0.82, நாக் ரிடார்ட் மூன்று சிலிண்டரிலும் சொற்பம், ரெயில் பிரஷர் கோடு நேராக இருந்தது. மேப்பின் மேல் எனக்கிருந்த சந்தேகம் அங்கேயே பாதி போய்விட்டது.

ஆயிலும் ஃபில்டரும்

டிப்ஸ்டிக்கைத் துடைக்காமல் இழுத்துப் பாருங்கள். அளவு, நிறம், வாசனை மூன்றும் முக்கியம். பால் காபி நிறமானால் கூலன்ட் கலந்திருக்கிறது. பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் ஆயில் நீர்த்துப்போய்ப் பேரிங்கைக் காப்பாற்றத் திராணி இல்லாமல் இருந்திருக்கிறது.

ஆயில் ஆறியதும் சுத்தமான பாத்திரத்தில், பெயின்ட் வடிகட்டும் துணி வழியாக வடியுங்கள். தங்கும் துகளைக் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு: கிராங்க், செயின், கேம். ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் அலுமினியம், பெரும்பாலும் பிஸ்டன். செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து உள்தகடே அரைபட்டிருக்கிறது.

ஃபில்டரை வெட்டித் திறப்பதில் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஹாக்ஸா எடுப்பது. ரம்பம் உதிர்க்கும் இரும்புத்தூள் உள்ளே விழுந்துவிட்டால் எது இன்ஜினிலிருந்து வந்தது, எது ரம்பத்திலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சுற்றி வெட்டும் கட்டர் வாங்கி வையுங்கள். உள்ளிருக்கும் மடிப்புக் காகிதத்தை எடுத்து, துணியில் சுற்றி வைஸில் அழுத்தி ஆயிலைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள்.

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் பேரிங் அடித்த இன்ஜின் ஒன்றைப் பிரித்தேன். சுத்தமாக வேலை செய்ய வேண்டும் என்ற ஆர்வத்தில் சம்ப்பை டீசல் விட்டுப் பளபளவென்று கழுவித் துடைத்துவிட்டேன். என்ன துகள் எவ்வளவு இருந்தது என்று பார்க்கவே இல்லை. கிராங்க் கிரைண்டிங் கொடுத்து, புது பேரிங் போட்டுக் கட்டினோம். சில வாரத்தில் அதே சத்தத்தோடு திரும்பி வந்தது. ஆயில் கூலரின் உள்ளே பழைய பேரிங் துகள் அடைந்து கிடந்து, புது ஆயிலோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. அந்த வண்டிக்காரர் தினமும் அதை ஓட்டித்தான் குடும்பம் நடத்தினார். இன்றுவரை, பார்க்காமல் எதையும் கழுவவிடுவதில்லை.

பிளக் வழியாக உள்ளே

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் ஹை பிரஷர் லைனில் 200 பாருக்கு மேல் இருக்கும். பிரஷரை இறக்காமல் அந்த நட்டைத் தொடாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளை மட்டும் கழற்றி, முட்டை அட்டையில் சிலிண்டர் நம்பர் எழுதி வரிசையாகக் குத்தி வையுங்கள்.

பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போல மின்னும் புள்ளி இருந்தால் அது பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம், டெட்டனேஷனின் கையெழுத்து. பீங்கான் வெளுத்துக் கொப்பளித்திருந்தால் பெட்ரோல் பற்றாமல் சூடேறியிருக்கிறது. எலெக்ட்ரோடு நசுங்கி இடைவெளி மூடியிருந்தால் உள்ளே ஏதோ அடித்திருக்கிறது. ஆயிலில் நனைந்திருந்தால் ரிங். ஒன்று மட்டும் கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தால் அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போயிருக்கிறது.

பிறகு போனில் மாட்டும் சின்னக் குழாய் கேமராவான போரஸ்கோப்பை அந்தத் துளை வழியே இறக்குங்கள். பிஸ்டன் தலையில் பிறை வடிவ அடி இருந்தால் வால்வு இடித்திருக்கிறது. ஒன்று டைமிங் போயிருக்கிறது, இல்லையென்றால் ஐந்தாவது கியரிலிருந்து நாலாவதுக்குப் போகிறேன் என்று இரண்டாவதில் தள்ளியிருக்கிறார்கள். அப்படிச் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும்போது இசியுவின் லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. தலை முழுக்கக் குத்துக் குத்தாக இருந்தால் வெளிப்பொருள். டர்போவின் கம்ப்ரசர் சக்கரத்தில் இறகு உடைந்திருக்கிறதா என்று அடுத்து பாருங்கள். பிஸ்டன் ஓரம் மட்டும் மணல் அடித்தது போல அரிக்கப்பட்டிருந்தால் டெட்டனேஷன். நடுவில் உருகி ஓட்டை விழுந்திருந்தால் பெரும்பாலும் ப்ரீ இக்னிஷன், அதாவது பிளக் பொறி விடும் முன்பே உள்ளே தானாகப் பற்றிக்கொண்டது.

சின்ன டர்போ இன்ஜின்களுக்கே உரிய ஒரு வகை ப்ரீ இக்னிஷன் உண்டு. 1500-லிருந்து 2500 ஆர்பிஎம்முக்குள், முழு லோடில் வரும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் நாலாவது கியரில் ஊர்ந்துகொண்டிருக்கிறீர்கள். இடைவெளி கிடைத்ததும் கியர் இறக்காமல் அப்படியே மிதிக்கிறீர்கள். அந்த இடம்தான். ரீமேப் இந்த ஆர்பிஎம்மில்தான் டார்க்கை அள்ளிக் கொடுக்கும். ஒரே ஒரு தரம் வந்தாலும் பிஸ்டனின் முதல் ரிங்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவே உள்ள மெல்லிய பகுதி உடைந்துவிடும். ஆயிலில் உள்ள கால்சியமும் இதற்கு ஒரு காரணம். 2018-ல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-ல் வந்த எஸ்பி ரகங்கள் இதைத் தடுக்கும் சோதனையில் தேறியவை. டின்னில் அந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். கியரை இறக்கிவிட்டு மிதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பிளக் இல்லாத நிலையில், கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான பிடி மாட்டி, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எங்காவது முட்டினால் நிறுத்திவிடுங்கள், பலம் காட்ட வேண்டாம். தடையில்லாமல் சுற்றி, உலோகச் சத்தமும் இல்லையென்றால் மட்டும் கம்ப்ரஷன் கேஜ் போடலாம். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். 15 சதவீதத்துக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். பக்கத்து பக்கத்து இரண்டு சிலிண்டரும் சேர்ந்து இறங்கியிருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். அடுத்து லீக் டவுன்: பிஸ்டனை மேலே நிறுத்திக் காற்று ஏற்றிக் காது கொடுங்கள். ஆயில் மூடி வழியே வந்தால் ரிங், சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட்.

பிரிக்கும்போது

ஒவ்வொரு சாமானையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். தனித்தனிக் கவர், மேலே சிலிண்டர் நம்பர், எந்தப் பக்கம் மேல் என்ற குறி. முதலில் சம்ப். அங்கே ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் ஜல்லடையைப் பாருங்கள். முன்பு யாரோ சம்ப்புக்கு அளவுக்கு மீறித் தடவிய சிலிக்கான் பேஸ்ட், நூடுல்ஸ் போல உள்ளே பிதுங்கி வந்து அந்த ஜல்லடையை அடைத்துக்கொள்ளும். ஆயில் நிறைய இருக்கும், மேலே ஏறாது. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரிவதற்குள் பேரிங் போயிருக்கும், ஏனென்றால் பிரஷர் ஏறக்குறைய அடியோடு விழுந்தால்தான் அந்த விளக்கு எரியும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு வேறொன்று: நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பிக்கப் காற்றை உறிஞ்சும். சம்ப்பில் தடுப்புத் தகடு வைக்காத காருக்கு இது வரும்.

ராடு பேரிங்குகளை வரிசையாக வெள்ளைத் துணியில் வையுங்கள். மேல் பாதி அடிபட்டிருந்தால் மேலிருந்து வந்த அழுத்தம்: டெட்டனேஷன், அளவு மீறிய டர்போ பூஸ்ட். கீழ்ப்பாதி அடிபட்டிருந்தால் ஓவர் ரெவ், அதாவது எல்லை மீறிய ஆர்பிஎம். உச்சிக்குப் போன பிஸ்டனைத் திரும்பக் கீழே இழுப்பது அந்தப் பாதிதான். எல்லாமே ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் ஆயில் குறைவு அல்லது ஆயில் கெட்டது. ராடின் பெரிய முனை நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் இல்லாமல் வெந்திருக்கிறது.

உடைந்த ராடின் முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். காசிமேட்டில் அலை பின்வாங்கியதும் மணலில் கோடு கோடாக விட்டுப்போகுமே, அப்படி வரிகள் இருந்தால் அது ஒரே நாளில் உடையவில்லை. சின்ன விரிசல் நாள்கணக்கில் வளர்ந்து, கடைசியில் மிச்சமிருந்த பகுதி மட்டும் சொரசொரவென்று முறிந்திருக்கிறது.

பெரம்பூர் காரின் மூன்றாவது ராடில் அந்த வரிகள் இருந்தன. பேரிங்கின் மேல் பாதியோ கீழ்ப்பாதியோ தனியாக அடிபடவில்லை, ராடின் பெரிய முனை நீலமும் பாயவில்லை. அதனால் இரண்டாவது சிலிண்டருக்குப் போனேன். உடையாதது, ஓடிக்கொண்டிருந்தது. மேலே பிஸ்டன் எட்டாத இடத்தில் எப்போதும் ஒரு கரிப்பட்டை படியும். முதல் சிலிண்டரைவிட இரண்டாவதில் அது அகலமாக இருந்தது. உடைந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, டயல் கேஜ் வைத்து இரண்டு பிஸ்டனையும் உச்சியில் நிறுத்தி அளந்தேன். இரண்டாவது கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர் கீழேயே நின்றுவிட்டது. அந்த ராடும் வளைந்திருந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். துணி மடிப்பில் உலர்ந்த சேற்றுக்கோடு.

"தம்பி, மழைல எங்கனா நின்னுச்சா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நவம்பர்ல, கணேசபுரம் சப்வேல ணா. பிளக்க தொடச்சிப் போட்டு நாலு தரம் அடிச்சேன். ஓடிச்சே."

ஓடியிருக்கும். கணக்கைப் பாருங்கள். ஒரு சிலிண்டர் 333 சிசி, கம்ப்ரஷன் 10-க்கு 1. பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மிஞ்சும் இடம் 37 சிசி, அரை டீ கிளாஸ்கூட வராது. அவ்வளவு தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டனுக்குப் போக வழியில்லை, தண்ணீரை அமுக்கவும் முடியாது. ராடுதான் வளையும். கொஞ்சமாக வளைந்தது உடனே உடையாது, ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் வளைந்து வளைந்து இரண்டு மாதம் கழித்து உடையும். சுரங்கப்பாதைத் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு வந்திருந்தால், பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ராடுகளை அளந்து பார்த்திருந்தால், பிளாக் பிழைத்திருக்கும்.

இங்கே இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண பாலிசியில் தண்ணீரால் இன்ஜின் போனால் கிடைக்காது. இன்ஜின் புரொடெக்‌ஷன் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். படம் எடுக்காமல் பிரித்துவிட்டால் சர்வேயரிடம் பேச ஒன்றும் மிஞ்சாது. யாரிடம் சண்டைக்குப் போவதென்றாலும் முதலில் படமும் அளவும் கையில் இருக்கட்டும். மேப் போட்டவரை அந்தப் பையன் அன்று திட்டியிருந்தால் அநியாயமாகப் போயிருக்கும்.

கட்டுவதற்கு முன்

காரணம் கிடைத்ததும் அதை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதி வண்டிக்காரரிடம் காட்டுங்கள். எழுத முடியவில்லை என்றால் இன்னும் கிடைக்கவில்லை, திரும்பப் பாருங்கள். எழுதியதைச் சரி செய்யாமல் ஒரு போல்ட்டும் முடுக்காதீர்கள்.

பேரிங் துகள் ஓடிய இன்ஜினில் ஆயில் கூலரை மாற்றியே ஆக வேண்டும், கழுவினால் போகாது. டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயும் புதிது. டர்போ ஷாஃப்டை விரலால் அசைத்துப் பார்த்து, சக்கரம் அதைச் சுற்றியுள்ள கூட்டைத் தொட்டால் அதையும் பிரிக்க வேண்டும். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் ஆயிலும் துகளும் தங்கும், மறந்துவிடாதீர்கள். புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் எடுப்பதாக இருந்தால் போரஸ்கோப்பைக் கையோடு கொண்டுபோங்கள். இன்ஜின் நம்பருக்கான காகிதங்களை வாங்கி, ஆர்டிஓவில் ஆர்சியில் மாற்றுங்கள்.

கட்டி முடித்ததும் பிளக் போடாமல், பெட்ரோலை நிறுத்தி, ஸ்டார்ட்டரால் சுற்றி ஆயில் பிரஷர் கேஜில் முள் ஏறும்வரை காத்திருங்கள். டேஷ்போர்டு விளக்கை நம்பாமல் மெக்கானிக்கல் கேஜ் வையுங்கள். முள் ஏறிய பிறகு பிளக். பத்து நிமிடம் ஓட்டி ஆற விட்டு, அந்த ஆயிலையும் ஃபில்டரையும் கழற்றி, மறுபடி வெட்டிப் பாருங்கள். பெரம்பூர் காரில் அந்த ஃபில்டர் காகிதம் சுத்தமாக வந்தது. காற்றுக் குழாயை பம்பரிலிருந்து எடுத்து, ஹெட்லைட்டுக்கு மேலே, கம்பெனி வைத்திருந்த பழைய இடத்திலேயே மாட்டிக் கொடுத்தேன்.